மயில்கழுத்து நிறம் படத்தில் வரும்வரை

ஒரே வாரத்தில் என்னுடைய 11 ஓவியங்கள் கையைவிட்டுப் போகவிருந்தன. போன பிறகு என்னிடம் மிஞ்சுவது புகைப்படம் மட்டும்தான். அதனால் கண்ணுக்குத் தெரிவது அப்படியே படத்திலும் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எல்லாமே எண்ணெய் வண்ணம், பாதிக்கு மேல் வார்னிஷ் பூசியவை. அதில் ஒன்றின் மயில்கழுத்து நிறம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது.

முதல் நாள் எடுத்தது ஒன்றும் தேறவில்லை. ஜன்னலருகே சாய்த்து வைத்து, வெளிச்சம் போதாதென்று அறை விளக்கையும் போட்டிருந்தேன். படத்தின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது, மறுபக்கம் மஞ்சள். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 2700. இரண்டும் கலந்தால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமராவில் வைக்கும் நிற அமைப்பு) எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு பக்கம் கெட்டுப்போகும். அன்றிலிருந்து இரவில்தான் எடுத்தேன்: திரையை இழுத்துவிட்டு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. சட்டையின் நிறம்கூட வார்னிஷில் தெரியும்.

ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை ஓவியத்தின் இருபுறமும் 45 டிகிரியில், ஒரே தூரத்தில் நிறுத்தினேன். அப்படியும் ஓரங்கள் வெளுத்து நடுப்பகுதி இருண்டது. விளக்குகள் மிகவும் கிட்டத்தில் இருந்ததுதான் காரணம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் விளக்கு அருகில் இருக்கும்போது ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பின்னுக்குத் தள்ளத் தள்ளச் சமமானது. சரிபார்க்க ஒரு பென்சிலே போதும். ஓவியத்தின் நடுவில் அதைச் செங்குத்தாக நீட்டிப் பிடித்தால் இருபுறமும் நிழல் விழும். இரண்டும் ஒரே நீளம், ஒரே கருமை என்றால் வெளிச்சம் சமம்.

கேமராவை நேராக நிறுத்தக் கண்ணாடியை நம்பினேன். ஓவியத்தின் நடுவில் சின்னக் கண்ணாடியை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு பார்த்தால், கேமரா நேராக இருக்கும்போது லென்ஸின் பிம்பம் கேமரா திரையின் சரி நடுவில் தெரியும். ஓவியத்தின் விளிம்புகள் சரிவாக விழாமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

செட்டிங் விஷயம் சீக்கிரம் முடிந்தது. ஓவியம் அசையப்போவதில்லை, டிரைபாட் இருக்கிறது. ஷட்டர் கால் விநாடி திறந்திருந்தாலும் கவலையில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/8, ரா கோப்பு (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது), 2 விநாடி டைமர். துளையை எஃப்/16 வரை மூடிப் பார்த்தேன், தூரிகைக் கோடுகள் மழுங்கின. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) மட்டும் ஆட்டோவில் விடவே கூடாது. வெள்ளை அதிகமுள்ள ஓவியத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும், கறுப்பு அதிகமுள்ளதை வெளுக்க வைக்கும். சாம்பல் அட்டையை ஓவியத்தின் முன் வைத்து ஒருமுறை அளந்து, மேனுவலில் பூட்டிவிட்டேன். ஒயிட் பேலன்ஸும் அதே அட்டையிலிருந்துதான்.

வார்னிஷ் பளபளப்பைப் போக்கப் போலரைசர்: ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி. விளக்குகள் இரண்டின் முன்னும் ஒரே திசையில் போலரைசர் தாள், லென்ஸில் ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பத் திருப்ப வெண்புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனால் கத்தியால் தடித்துப் பூசிய ஓவியத்தில் அந்தத் தடிப்பும் சேர்ந்து மறைந்துபோனது. உயிரே போனதுபோல் இருந்தது எனக்கு. அப்படிப்பட்டவற்றுக்குத் தாளைக் கழற்றிவிட்டு, ஒரு விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி எடுத்தேன். முழுச் சமத்தைவிட அந்தச் சிறு நிழல்தான் உண்மைக்கு நெருக்கம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மயில்கழுத்து நிறம் வரவில்லை. வெறும் நீலமாகவே விழுந்தது. குறை விளக்கில் இருந்தது. மலிவான எல்இடி விளக்குகளில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளி குறைவு. எனக்கு வேண்டியதோ துல்லியமாக அந்த இடம். சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான மதிப்பெண்) 95-க்கு மேலுள்ள விளக்குகளை மாட்டியதும் கேமரா திரையிலேயே பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்து கணினியில் இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளிக்கு (கோப்பில் அடங்கும் நிறங்களின் எல்லை) மாற்றியபோது மறுபடி மங்கியது. அந்த வண்ணவெளிக்குள் அவ்வளவு அடர்ந்த பச்சைநீலம் அடங்காது. மூலக் கோப்பை அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில், நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் பத்திரப்படுத்தினேன். இணையத்துக்கு மட்டும் எஸ்ஆர்ஜிபி.

மிச்சம் இருந்தது தங்கத்தாள் ஒட்டிய ஓவியம். 45 டிகிரி விளக்கில் தங்கம் கறுத்தது, போலரைசரில் இன்னும் கறுத்தது. தங்கத்தாள் எதிரே இருப்பதைத்தான் காட்டும், எதிரே இருந்ததோ இருட்டறை. பெரிய வெள்ளை அட்டையின் நடுவில் லென்ஸ் நுழையும் அளவு துளை போட்டுக் கேமராவின் முன் நிறுத்தி, ஒரு விளக்கை அந்த அட்டையின் மேல் திருப்பினேன். தங்கம் ஒளிர்ந்தது. அதை எடுத்து முடித்தபோது விடிந்துவிட்டது. ஓவியத்தைத் துணி சுற்றிக் கட்டினேன்.