டி.எஸ்.எச். 38

போன தீபாவளிக்கு முறுக்கு பிழியக்கூடக் கையில் தெம்பில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. செம்பனை ஆலை ஆபிசில் கணக்கு எழுதியபடியே தூங்கி விழுந்தேன். ஒரு கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீண். அப்புறம் வேறொரு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார்.

டி.எஸ்.எச். 38. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. "குறைக்க மருந்து சாப்பிடணுமா டாக்டர்?" என்றேன். சிரித்தார். எகிறியிருந்தது தைராய்டு ஹார்மோன் இல்லையாம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை வேலை வாங்க, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் கட்டளையாம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்தான் ஞாபகம் வந்தது. ஆள் சுணங்கினால் கங்காணியின் சத்தம் கூடும்; என் தைராய்டும் சுணங்கியிருந்தது. கங்காணிக்கு மேலே துரை மாதிரி, மூளையிலேயே இருக்கும் ஹைபோதலமஸ். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு ஏறிவிட்டால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள்.

தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனையே மாத்திரையாக்கிய லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும்; அப்புறம் ஒரு மணி நேரம் தே தாரேக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, கிடையாது. நோயைவிட அதுதான் கஷ்டம்!

சர்க்கரைக்கு ஊசி போடும் அம்மாவுக்கோ பொறாமை. "எனக்கு மட்டும் ஏன் ஊசி, உனக்கு மாத்திரை?" டாக்டரிடமே கேட்டேன். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் மீனையும் முட்டையையும் போல வயிறு அதையும் செரித்துவிடும். தைராக்சின், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் சின்ன மூலக்கூறு, தப்பித்துவிடும். உடம்பில் சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் தானே கரைந்து ஓடும், சில நிமிடங்களில் பாதி காலி. தைராக்சினோ ரத்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் போகும், நூற்றுக்கு 99 பங்குக்கு மேல். தனியாக இறங்கி நிற்கும் துளிதான் செல்லுக்குள் நுழைந்து வேலை பார்க்கும். பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் மறு பரிசோதனைக்கு ஆறு வாரம். நான் பத்தாம் நாளே போய் நின்றேன். நர்ஸ் மிஸ்ஸி திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து 11. டாக்டர் மருந்தைக் கூட்டவில்லை, என்னென்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். அம்மா பரிவாகக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் கூடவே விழுங்கியிருந்தேன். அது தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். அடுத்த முறை 3.2.

கால்சியம் இப்போது ராத்திரிக்கு. மாத்திரை ஆறு மணிக்கு, தே தாரேக் ஏழு மணிக்கு.