ஹோட்டல் அறையும் வாடகை வீடும் ஒரே கையில்: சேனல் மேனேஜர் தேடிய கதை

நாங்கள் நடத்துவது பாதி ஹோட்டல், பாதி விடுமுறை வீடு. ஒரே மாதிரி அறைகள் உள்ள சின்னக் கட்டடம் ஒன்று. அதை ஒட்டி, மொத்தமாகவும் அறை அறையாகவும் விடக்கூடிய வீடு ஒன்று. புக்கிங் டாட் காம், அகோடா, எக்ஸ்பீடியா, ஏர்பிஎன்பி, எங்கள் சொந்தத் தளம் என்று எல்லாவற்றிலும் விற்கிறோம். ஒரு இடத்தில் அறை போனதும் மற்ற இடங்களில் எண்ணிக்கையைக் கையால் குறைப்பதுதான் வழக்கம். நடுராத்திரியில் புக்கிங் வந்தால் காலைவரை அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குள் அதே அறையை இன்னொருவர் எடுத்துவிடுவார். இது தாங்காது என்றுதான் சேனல் மேனேஜர் தேட ஆரம்பித்தோம்: சேனல் என்று சொல்லும் இந்த விற்பனைத் தளங்கள் எல்லாவற்றிலும் காலியிடத்தையும் விலையையும் ஒரே இடத்திலிருந்து தானாக மாற்றும் மென்பொருள்.

நாங்கள் யோசனை கேட்டவர்களில் பாதிப் பேர் முதலில் சொன்னது ஐகால் இணைப்பு, அதாவது ஒரு தளத்தின் காலண்டரை இன்னொரு தளம் எடுத்துப் படிக்கும் ஏற்பாடு. செலவே இல்லை, உண்மைதான். ஆனால் அது சுமந்துபோவது தேதியை மட்டும்: இந்த நாள் போய்விட்டது, இந்த நாள் காலி. விலை போகாது, குறைந்தபட்சம் எத்தனை இரவு என்ற விதி போகாது. ஒரு தளம் இன்னொன்றின் காலண்டரை அவ்வப்போது வந்து எடுத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும், நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி விழலாம். ஒரே வகையில் ஆறு அறை, அதில் நான்கு காலி என்று சொல்ல அதில் வழியே கிடையாது. ஒற்றை வீட்டை இரண்டு இணையதளத்தில் மட்டும் விற்பதென்றால் தாராளமாக ஓட்டலாம். எங்களுக்கு ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகத் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக இருபக்கமும் பேசும் மென்பொருள்தான் வேண்டும் என்று முடிவானது.

அப்புறம் விற்பனைப் பேச்சுகள். எல்லோரும் முதலில் காட்டுவது நூற்றுக்கணக்கான சேனல்களின் லோகோ நிறைந்த ஒரு பக்கம். அதைப் பார்த்து மயங்குவதில் அர்த்தமில்லை, நமக்கு வருமானம் தருவது அதில் நான்கைந்துதான். அந்த நான்கைந்தோடு இணைப்பு எவ்வளவு ஆழமானது என்று கேட்டால் பேச்சு சுவாரசியமாகும். விலையும் காலியிடமும் மட்டும் போகுமா, 'இந்த நாளில் செக்-இன் கிடையாது' என்பதும் போகுமா, புக்கிங் மாற்றமும் ரத்தும் தானாக வருமா, விருந்தினரின் மெசேஜ் உள்ளே வருமா என்று ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக எழுதி வாங்கினோம். ஒரே மென்பொருளில் சேனலுக்குச் சேனல் பதில் மாறியது.

தேடத் தேட ஒன்று புரிந்தது. இந்த மென்பொருள்கள் இரண்டு வம்சம். சைட்மைண்டர் போன்றவை ஹோட்டல் உலகத்தில் பிறந்தவை. அவை அறை வகை, எண்ணிக்கை, ரேட் பிளான் (ஒரே அறைக்கு நிபந்தனையைப் பொறுத்து வெவ்வேறு விலை) என்று யோசிக்கும். கெஸ்டி, ஹோஸ்ட்அவே, லாட்ஜிஃபை போன்றவை வாடகை வீட்டுப் பக்கம் பிறந்தவை. அவற்றுக்கு ஒவ்வொரு வீடும் தனி லிஸ்டிங் (தளத்தில் அந்த வீட்டுக்கான பக்கம்), தனி காலண்டர், தனி கிளீனிங் கட்டணம். இரண்டு பக்கமுமே மற்றப் பக்கத்தையும் செய்வோம் என்றுதான் சொல்லும். எவ்வளவு நன்றாகச் செய்யும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு எங்கள் வீடே நல்ல சோதனை. அதில் மூன்று அறை. முழு வீடு புக் ஆனால் மூன்று அறையும் மூட வேண்டும். ஒரு அறை மட்டும் போனால் முழு வீடு மூட வேண்டும், மற்ற இரண்டு அறை திறந்தே இருக்க வேண்டும். மூடுவதை டெமோவில் எல்லோரும் சரியாகக் காட்டிவிட்டார்கள். ரத்து செய்யும்போதுதான் சாயம் வெளுத்தது. இரண்டு அறை புக் ஆகியிருக்கும்போது அதில் ஒன்றை மட்டும் ரத்து செய்யச் சொன்னோம். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் உடனே முழு வீட்டையும் விற்பனைக்குத் திறந்துவிட்டது. இன்னொரு அறையில் ஆள் இருக்கிறார் என்பது அதன் கணக்கிலேயே இல்லை. டெமோ காட்டியவர், "டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அவரை அத்தோடு விட்டுவிட்டோம்.

அடுத்தது மாற்றம். நான்கு இரவு புக்கிங்கை இரண்டாகக் குறைத்தால், விடுபட்ட இரண்டு இரவும் எல்லாத் தளத்திலும் திரும்ப விற்பனைக்கு வர வேண்டும். இதையும் ட்ரயல் கணக்கில் செய்யவைத்துப் பார்த்தோம்.

விலையில் கவனிக்க வேண்டியது கமிஷன் கணக்கு. 15 சதவீதம் கமிஷன் போக 100 கையில் நிற்க வேண்டுமென்றால் 115 வைத்தால் போதாது, 117.65 வைக்க வேண்டும். அதனால் சேனலுக்குச் சேனல் விலையைக் கூட்டிவைக்கும் வசதி கட்டாயம். ஏர்பிஎன்பியில் இது இன்னும் முக்கியம்: மென்பொருள் வழியாக இணையும்போது, விருந்தினரோடு பங்கு போட்டுக்கொள்ளும் கட்டண முறை போய், முழுக் கட்டணமும் வீடு விடுபவர் பங்கிலிருந்தே பிடிக்கும் முறைக்கு மாறுவது சகஜம். பழைய விலையையே விட்டுவைத்தால் கையில் வருவது குறையும். விலையில் வரி சேர்ந்ததா சேராததா என்பதையும் சேனல்வாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கான கட்டணம் இரண்டு விதம்: அறைக்கு இவ்வளவு என்று மாதாமாதம், அல்லது புக்கிங்கில் ஒரு சதவீதம். சீசன் மாதங்களை வைத்துக் கணக்குப் போட்டால் சதவீதம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. விலகும்போது புக்கிங் வரலாறு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்பதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்கினோம்.

கடைசியில் எடுத்தது வாடகை வீட்டுப் பக்கம் பிறந்த மென்பொருள் ஒன்று. ஹோட்டல் அறைகளை ஒரே வகை, பல எண்ணிக்கை என்று அதனால் வைத்துக்கொள்ள முடிந்தது. அதன் ரிப்போர்ட்டுகள் ஹோட்டல்காரருக்குச் சுமார்தான், இதை முன்னமே தெரிந்துகொண்டுதான் எடுத்தோம்.

இணைக்கும் வரிசை ரொம்ப முக்கியம். பழைய புக்கிங் அத்தனையும் முதலில் உள்ளே வர வேண்டும், போனில் வாங்கியவையும் சேர்த்து. அதற்கு முன் மென்பொருளின் காலண்டரைத் தளங்களுக்கு அனுப்பிவிட்டால், ஆள் வரப்போகும் தேதிகள் எல்லாத் தளத்திலும் காலி என்று திறந்துகொள்ளும். புது லிஸ்டிங் உருவாக்காமல் பழையதையே இணைத்தோம். ரிவியூக்கள் லிஸ்டிங்கோடுதான் இருக்கும் என்பதால் அவை அப்படியே நின்றன. வியாபாரம் குறைவான சேனலை முதலில் இணைத்து, தூரத்துத் தேதி ஒன்றின் விலையை அந்தத் தளத்திலேயே வாடிக்கையாளர் மாதிரி தேடிப் பார்த்துச் சரியென்ற பிறகே அடுத்த சேனல்.

இப்போது காலையில் ரிசப்ஷனில் முதல் வேலை மென்பொருளின் எரர் லாகை, அதாவது பிழைப் பட்டியலை, திறப்பது. ஒரு சேனல் ஒரு தேதியின் விலையை ஏற்க மறுத்திருந்தால் அது அங்கேதான் சிவப்பில் கிடக்கும், வேறு எங்கும் மணி அடிக்காது.