எஃப்.சி.150-க்கு டீசல் எஞ்ஜின்: எரிபொருள் கணக்கு

கடலூரில் நான் வைத்திருக்கும் மஹிந்திரா எஃப்.சி.150 பிக்-அப், ஓட்டுநர் ஏறக்குறைய எஞ்ஜினின் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் பழைய வகை வண்டி. அதில் முதலில் இருந்தது நான்கு சிலிண்டர், 2199 சி.சி. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்ஜின். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் அமைப்பு அது; சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் ஏழு அளவில்தான் இருக்கும். நான் வாங்கியபோது லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது. அந்த எஞ்ஜினை இறக்கிவிட்டு, மஹிந்திரா ஜீப்புகளில் பரவலாக வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 2112 சி.சி. டீசல் எஞ்ஜினை ஏற்றினால் எரிபொருளில் போட்ட பணம் திரும்புமா என்பதே இந்த வேலை முழுவதும் என் மனதில் இருந்த கேள்வி. "டீசல் போட்டுடுங்க சார், கண்ணை மூடிக்கிட்டுப் பதினஞ்சு கொடுக்கும்" என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். கண்ணைத் திறந்துகொண்டு அளந்தால் என்ன வருகிறது என்று பார்க்க விரும்பினேன்.

அதற்காக, எஞ்ஜினை மாற்றுவதற்கு முன்னால் பழைய பெட்ரோல் எஞ்ஜினையே ஒழுங்குபடுத்தினேன். தேய்ந்த எஞ்ஜின் கொடுத்த மைலேஜையும் புதிதாக வேலை பார்த்த எஞ்ஜின் கொடுக்கும் மைலேஜையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் டீசலின் பெருமையாக எழுதிக்கொள்வது நியாயமில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஃப்ளோட் மட்டத்தைச் சரிசெய்தோம். பிளக்கில் பொறி விழும் டைமிங் பின்தங்கியிருந்ததை ஏற்றி வைத்தோம். வால்வு இடைவெளி பார்த்தோம். பின்பக்கம் ஒரு சக்கரத்தில் பிரேக் லைனர் டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருந்ததைச் சரிசெய்து, வீல் பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடைத்தோம். இத்தனைக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. ஏழு கிலோமீட்டர் ஒன்பதாக உயர்ந்தது.

அளக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பங்க்கில் 'டேங்க் ஃபுல்' செய்து கணக்கிடுவது இந்த அளவு நுணுக்கத்துக்குப் போதாது. வண்டி நிற்கும் சாய்வு சிறிது மாறினாலும் அரை லிட்டர் முன்பின்னாகிவிடும், டீசலில் நுரை வேறு எழும்பி நிறைந்துவிட்டதுபோல் காட்டும். எனவே டேங்க்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்றை இருக்கைக்குப் பின்னால் கட்டி, அதிலிருந்தே எஞ்ஜினுக்குக் குழாய் கொடுத்தேன். டீசலுக்கு மாறிய பிறகு ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குள் விட்டேன். பம்ப்பிலும் நாசிலிலும் மிஞ்சித் திரும்பும் டீசல் டேங்க்குக்குப் போய்விட்டால், எரியாத எண்ணெயும் எரிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். ஓடோமீட்டரை நம்பாமல் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துத் திருத்தம் போட்டேன். மஞ்சக்குப்பத்திலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போய்த் திரும்பும் சமதளப் பாதையைத் தேர்ந்தெடுத்து, காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டேன். பிற்பகலில் கடற்காற்று கிளம்பிவிட்டால், சுவர்போல் தட்டையான முகம் கொண்ட இந்த வண்டி கிழக்கே திரும்பும்போது குடிக்கும் எண்ணெய் வேறு கணக்காகிவிடும்.

எக்ஸ்.டி.பி. எஞ்ஜின் பழைய சாமான் கடை வழியாகக் கிடைத்தது. அதே எஞ்ஜினோடு வந்த ஜீப்பின் பெல் ஹவுசிங்கும் (எஞ்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உறை) சேர்ந்து கிடைத்ததால் கியர்பாக்ஸ் பக்கம் பெரிய லேத் வேலை வரவில்லை. மவுண்ட்டிங் வெட்டி ஒட்டியது, ரேடியேட்டர், ஹீட்டர் பிளக் வயரிங், பெரிய பேட்டரி, ரிட்டர்ன் குழாய், புதுச்சேரியில் பம்ப் நாசில் கடைச் செலவு எல்லாம் சேர்த்து, பழைய பெட்ரோல் எஞ்ஜினை விற்ற பணத்தைக் கழித்தபின் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆனது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதில் குறுக்கே நிற்கும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் முறைப்படி திருத்தப்படாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தால், விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காமல் போகலாம்.

எஞ்ஜின் ஓடத் தொடங்கியதும் முதலில் நின்றுபோனது வைப்பர். என் வண்டியில் இருந்தது, எஞ்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் வாக்குவத்தால் ஓடும் பழைய வைப்பர். பெட்ரோல் எஞ்ஜின் குறைந்த சுமையில் ஓடும்போது கார்புரேட்டரில் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை பாதி மூடியிருக்கும். அந்த அடைப்பைத் தாண்டிக் காற்றை இழுக்க எஞ்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது, அந்த இழுப்பே வாக்குவம். டீசலில் காற்று தடையின்றி உள்ளே போகிறது. எண்ணெயின் அளவை மட்டும் பம்ப் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே வாக்குவமும் இல்லை, அதற்குச் செலவாகும் சக்தியும் இல்லை. வைப்பர் நின்ற காரணமும் மைலேஜ் கூடிய காரணமும் ஒன்றே என்பதை நான் ரசித்தேன். ஆனால் ஐப்பசி மழையை நினைத்து உடனே மின்சார வைப்பர் மோட்டார் வாங்கிப் பொருத்தினேன்.

கிடைத்தது லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பதினைந்தை எந்த ஓட்டத்திலும் பார்க்கவில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. அதிலும் ஒரு பகுதி எஞ்ஜினின் சாமர்த்தியமே அல்ல. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் அதிக ஆற்றல் அடங்கியிருக்கிறது. எக்ஸ்.டி.பி., எண்ணெயை நேராக சிலிண்டருக்குள் பாய்ச்சாமல் ஹெட்டிலுள்ள சிறு அறைக்குள் பாய்ச்சும் வகையைச் சேர்ந்தது. அந்த அறையின் சுவர் வழியே வெப்பம் வீணாவதால், நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சும், பின்னாளில் வந்த டி.ஐ. எஞ்ஜின்களின் சிக்கனத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மிச்சம் நன்றாகத் தெரிந்தது செம்மண்டலம் போன்ற நெரிசலில், நின்று நின்று போகும்போதுதான். அறுபதைத் தாண்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பே பெருஞ்செலவாகி, எந்த எஞ்ஜினானாலும் மைலேஜ் இறங்குகிறது.

இனிப் பணக் கணக்கு. வசதிக்காகப் பெட்ரோல் நூறு ரூபாய், டீசல் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். பெட்ரோலில் ஏழு கொடுத்தபோது கிலோமீட்டருக்கு ரூ.14.30, ஒன்பதில் ரூ.11.10, டீசலில் பன்னிரண்டுக்கு ரூ.7.50. வாங்கிய நிலையோடு ஒப்பிட்டால் ரூ.6.80 மிச்சம், போட்ட பணம் சுமார் 20,600 கிலோமீட்டரில் திரும்பும். ஒழுங்குபடுத்திய பெட்ரோல் எஞ்ஜினோடு ஒப்பிட்டால் மிச்சம் ரூ.3.60 மட்டுமே, தூரமோ 39,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் என் வண்டிக்கு அது பதினோராம் ஆண்டில்தான் வரும். கார்புரேட்டருக்கும் பிரேக்குக்கும் செலவிட்ட பன்னிரண்டாயிரம் நாலாயிரம் கிலோமீட்டருக்குள் திரும்பிவிடக் கூடியது. கன்னியக்கோயில் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் நிரப்பினால் விலை குறைவு என்பது உண்மைதான், ஆனால் அந்த லாபம் எந்த எஞ்ஜினுக்கும் கிடைக்கும் என்பதால் மாற்றத்தின் வரவில் அதைச் சேர்க்கவில்லை. தினமும் பண்ருட்டிக்கும் புதுச்சேரிக்கும் சரக்கேற்றி நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர் இதே பணத்தை ஓராண்டு சிறிது கடந்ததும் எடுத்துவிடுவார்.

இப்போது பேச்சு, அச்சில் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன்-பினியன் பக்கம் திரும்பியிருக்கிறது. என் வண்டியின் விகிதம் 5.38, அறுபதில் போகும்போது எஞ்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்றில் கத்துகிறது. 4.88 போட்டால் 2,180 அளவுக்கு இறங்கும். ஆனால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்பதால் முன், பின் இரண்டு அச்சு ஹவுசிங்கிலும் ஒரே விகிதம் மாற்ற வேண்டும். முப்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினால்கூட மிச்சம் கிலோமீட்டருக்கு முப்பது காசு, பணம் திரும்ப ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். எரிபொருளுக்காக அதைச் செய்யப்போவதில்லை. எஞ்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், சத்தம் குறைவதற்காக மட்டும் அத்தனை பணம் போடலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.