73 வயதில் மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்டினேன்

லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுக்க வேண்டிய மருத்துவச் சான்றுப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம்கூட இருக்காது. இரத்த அழுத்தம் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை இரண்டு கண்ணையும் திறந்தபடியே படிக்கச் சொன்னார், "வேறு தொந்தரவு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே முத்திரையை எடுத்தார். இல்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யையும் அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு மூன்று வாரம் முன்னால், பொழுது சாய்கிற நேரம், கணவரைப் பிசியோதெரபியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ஒரு சந்திப்பில் எதிரே வரும் வண்டிகளுக்காக நின்று, இடைவெளி கிடைத்ததும் திரும்பினேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். முதுகில் பை மாட்டிய ஒரு பையன், என் முன் சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் இருந்த கணவர் "பார்த்துப் போ" என்றார், அவ்வளவுதான். கவனக்குறைவாக இருந்தேன் என்றால்கூட மனசு ஆறியிருக்கும், ஆனால் நான் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், பார்த்தும் அவன் என் கண்ணில் படவில்லை. அன்று ராத்திரி முழுக்க அந்தப் பையன் ஊன்றிய கால்தான் கண்ணுக்குள் நின்றது.

நான் 41 வருடமாக ஓட்டுகிறேன். கணவருக்குப் பக்கவாதம் வந்து 6 வருடம் ஆகிறது, அதிலிருந்து வீட்டில் ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான். லைசென்ஸ் போனால் அவருடைய சிகிச்சை, மருந்து வாங்கப் போவது, நான் வாரம் ஒருமுறை என் தங்கையைப் பார்த்துவிட்டு வருவது, எல்லாமே இன்னொருவர் நேரம் கொடுத்தால்தான். அந்தப் பயம்தான் மருத்துவர் முன்னால் என்னை வாயடைக்க வைத்தது. வயதானவர்களுக்கு மறு தேர்வு வேண்டுமா என்று பேசுகிறவர்கள் இந்தப் பயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று இருக்கிற இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லவில்லை.

கையெழுத்தான படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க மனசு வரவில்லை. பீரோவில் வைத்துவிட்டேன். வண்டியையும் எடுக்கவில்லை. நான்காம் நாள் மகனிடம் போனில் சொன்னேன், அவன் உடனே "வேண்டாம்மா, இனிமே ஓட்டாதே, நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்" என்றான். பாசத்தில்தான் சொன்னான், தெரியும். ஆனால் அவனுக்கு இதில் இரண்டே வழிதான், ஓட்டுவது அல்லது விடுவது. நடுவில், என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது என்று ஒன்று இருக்கிறது இல்லையா, அதைச் செய்யலாம் என்று முடிவு பண்ணினேன்.

முதலில் கண். கண் மருத்துவமனையில் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும் கருவிக்குள் முகவாயை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பார்வைப் பரப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சோதனை. அதில் பெரிய குறை இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது: இடது கண்ணில் கண்புரை நன்றாக முற்றியிருந்தது, வலது கண்ணில் ஆரம்பம். "பகலில் எழுத்துப் பலகையைப் படித்துவிடுவீர்கள், மங்கல் வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்டவர் சாம்பல் நிறச் சாலையில் நின்றால் தெரியாது" என்றார் அந்த டாக்டர். அந்தப் பையனின் சட்டை என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. எதிரே வரும் ஹெட்லைட் அடித்துவிட்டுப் போனபின் பார்வை தெளிய ஆகும் நேரமும் கூடிவிடுகிறது. இது நோய் இல்லை, வயசு. அதனால்தான் நமக்குத் தெரிவதே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுகிற அறையில் விளக்குப் போடாமலே படித்துக்கொண்டிருக்கிற மாதிரி பழகிப்போகிறோம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், இரண்டு கண்ணும், ஆறு வார இடைவெளியில். அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஒரு ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆக, என்னிடம் லைசென்ஸைப் பிடுங்குவதைவிட என் கண்ணைச் சரியாகச் சோதித்திருந்தால் அந்தப் பையனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அப்புறம் காகிதச் சோதனை. நினைவாற்றல் பார்க்கிறவரிடம் நானே கேட்டுப் போனேன். ஒரு வட்டம் போட்டு, கடிகாரம் மாதிரி எண்களை எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார். கேட்க எளிதாக இருக்கும். மூளை சோர்ந்தவர்கள் பெரிய முள்ளை 2-இல் வைக்காமல், '10' என்று காதில் விழுந்ததால் 10-இல் வைத்துவிடுவார்களாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு நொடி தயங்கினேன், நெஞ்சு அடித்துக்கொண்டது, 2-இல் வைத்தேன். பிறகு எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், நேரம் குறிப்பார்கள். என் நேரம் வயதுக்குச் சரியாக இருந்தது. அவர்தான் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பட்டியல் கேட்டார். அரிப்புக்காக ராத்திரியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையைப் பார்த்துவிட்டு, இதன் மந்தம் மறுநாள் பகலிலும் இருக்கும், மாற்றச் சொல்லுங்கள் என்றார். அதை எழுதிக் கொடுத்தவரும் என்னை எச்சரிக்கவில்லை, 4 நிமிடத்தில் சான்று கொடுத்தவரும் கேட்கவில்லை.

இனி சாலை. கண் சரியான பிறகு, ஓட்டிக் காட்டி மதிப்பீடு வாங்கப் பணம் கட்டிப் பதிந்துகொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மதிப்பீட்டாளர் என் மகனைவிடச் சின்ன வயது. அவர் பக்கமும் பிரேக் இருக்கிற வண்டி. 50 நிமிடம். முதல் 10 நிமிடம் எனக்குக் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை, மடியில் இருந்த தாளில் எழுதிக்கொண்டே வந்தார், அந்தப் பேனாச் சத்தம் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்றே தோன்றியது.

முடிந்ததும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, தாளை என்னிடமே காட்டினார். வேகம் நன்று. இடைவெளி விடுவது மிக நன்று. முன்கூட்டியே இண்டிகேட்டர் போடுவது நன்று. கீழே மூன்று இடத்தில் வட்டம். "மேடம், நீங்கள் தலையைத் திருப்புவதில்லை, கண்ணை மட்டும் திருப்புகிறீர்கள்" என்றார். நான் நம்பவில்லை. தோளுக்கு மேல் திரும்பிப் பின்பக்க ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னார், கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. 41 வருடப் பழக்கத்தில், திரும்பிப் பார்த்தேன் என்று மனசு நினைத்துக்கொள்கிறது, கழுத்து திரும்பியே இருக்காது. சந்திப்பில் அந்தப் பையனைப் பார்க்காததற்குப் பாதிக் காரணம் கண்புரை, மீதிப் பாதி இதுதான். இரண்டாவது வட்டம், சந்திப்புக்குள் நுழைந்த பிறகுதான் இருபக்கமும் பார்க்கிறேன், நுழைவதற்கு முன்பே பார்க்க வேண்டும். மூன்றாவது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது குதிகாலைப் பிரேக்குக்கு நேராக ஊன்றாமல் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன்.

இந்த மூன்றாவதைப் படித்ததும் எனக்கு ஜப்பானில் நடந்தது ஞாபகம் வந்தது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், 87 வயதுக்காரர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் மட்டும் அந்த நாட்டில் சுமார் 6 லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவாற்றல் சோதனை அங்கே 2009-லிருந்தே இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட சில விதிமீறல் செய்த 75 வயதுக்காரர்கள் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதத்தில்தான் வந்தது. எனக்கு அதுதான் சரியான வரிசை என்று தோன்றுகிறது. காகிதத்தில் கடிகாரம் சரியாக வரைந்த நான்தான் சாலையில் கழுத்தைத் திருப்பவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் 75 வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மருத்துவச் சோதனை, 85 ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால், வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டும் ஓட்டுகிற மாதிரி வரம்புள்ள லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். நியூசிலாந்தில் வயதை மட்டும் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லும் தேர்வை 2006 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். மறு தேர்வே கூடாது என்கிறவர்கள் காட்டுவது 1996-ல் வந்த ஒரு ஆய்வு. பின்லாந்தில் வயதானவர்களுக்கு மருத்துவச் சோதனை உண்டு, பக்கத்திலிருக்கும் ஸ்வீடனில் கிடையாது, இரண்டையும் ஒப்பிட்டால் பின்லாந்தில் விபத்து குறையவில்லை. அதற்குப் பதில் நடந்துபோய் அடிபட்டு இறக்கும் முதியவர்கள்தான் அங்கே அதிகம். வண்டியை விட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவதில்லை, நடந்து சாலைக்குத்தான் வருகிறார்கள், வயதான உடம்பு சின்ன அடியைக்கூடத் தாங்காது.

இந்த ஆய்வை நான் ஒதுக்கிவிடவில்லை, திரும்பத் திரும்ப யோசித்தேன். அதில் நடந்தது மருத்துவர் அறைச் சோதனை. நான் போய் வந்த அதே 4 நிமிடம் அங்கேயும் நடந்திருக்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆனால் என் விஷயத்தில் அந்த அறை எதையும் கண்டுபிடிக்கவில்லை, சாலைதான் கண்டுபிடித்தது. அதனால் என் கட்சி இது: மறு தேர்வு வேண்டும், ஆனால் ஓட்டச் சொல்லிப் பார்க்கிற தேர்வு வேண்டும், தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு வர அவகாசம் கொடுக்கிற தேர்வு வேண்டும், திருத்தியும் முடியாதவர்களுக்குப் பகலில் மட்டும், பக்கத்தில் மட்டும் என்று ஒரு படி கீழே இறங்க இடம் வேண்டும். வெறும் தோற்றுப்போனாய் என்று அனுப்புகிற தேர்வுக்கு என் வயதுக்காரர்கள் யாரும் தானாக வர மாட்டார்கள்.

மதிப்பீட்டாளர் எனக்கு ஒரு மாதம் கொடுத்தார். கணவருக்குப் பிசியோதெரபி செய்கிற பெண்ணிடமே கழுத்துக்குப் பயிற்சி கேட்டுக்கொண்டேன், காலை மாலை, தோளை அசைக்காமல் முகவாயைத் தோளுக்குக் கொண்டுபோவது, பத்துத் தடவை. முதல் வாரம் கடுகடுவென்று வலித்தது. பக்கக் கண்ணாடிகளை இன்னும் வெளிப்பக்கம் தள்ளி வைத்தேன். தெரிந்த பயிற்சியாளரோடு ஆறு நாள், ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் "இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நிறுத்தி வைத்த வண்டியில் குதிகாலை ஊன்றிப் பாதத்தை மட்டும் திருப்பிப் பழகினேன், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை அதே மனிதர், அதே பாதை. பாதி வழியில், நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா இறங்கினார்கள். அவர்களுடைய செருப்பு தெரிந்ததுமே என் கால் பிரேக்கில் இருந்தது. மதிப்பீட்டாளரின் கால் அவர் பக்கப் பிரேக்குக்குப் போகவே இல்லை, அதைக் கவனித்தேன். தாளில் இந்த முறை வட்டம் இல்லை, ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்: இருட்டிய பின் ஓட்டுவதைத் தவிர்க்கலாம். ஒப்புக்கொண்டேன். மாலைச் சிகிச்சையைக் காலை 10 மணிக்கு மாற்றிக்கொண்டோம்.

அப்புறம் பீரோவில் இருந்த அந்தப் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் படிவம் வாங்கிக்கொண்டு அதே மருத்துவரிடம் போனேன். வேறு தொந்தரவு இல்லையே என்று அதே மாதிரி கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, பையன், கண்புரை, மாத்திரை, கழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், மதிப்பீட்டுத் தாளையும் மேசையில் வைத்தேன். முத்திரையை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்க வைத்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், மாத்திரைப் பட்டியலை முழுக்கப் படித்தார். நான் வெளியே வந்தபோது 25 நிமிடம் ஆகியிருந்தது, கூடத்தில் காத்திருந்த கணவர் என்னமோ ஏதோ என்று பயந்துபோய் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.