கரண்டும் கீமோவும்

மே 30, 2024, வியாழன்
அப்பாவுக்கு நுரையீரல் புத்துநோய். கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கதுக்கு நெஞ்சுல மார்க்கர்ல கோடு போட்டு விட்டுட்டாவ, சோப்பு தேச்சு அழிச்சிரக்கூடாதாம். சித்தப்பா போன்ல ஒரே சத்தம். "நாலு கீமோவும் முடியட்டும், அப்புறமா கரண்டு வைப்போம், ரெண்டையும் ஒண்ணா குடுத்தா அண்ணன் தாங்குவாவளா?" எனக்கும் அந்த பயந்தான். டாக்டரம்மாட்ட கேட்டேன். இது ஸ்மால் செல், வேகமா பெருகுத வகை, ஒரு பக்க நெஞ்சோட நிக்கும்போதே ரெண்டையும் சேத்து குடுக்கணும், முதல் கீமோவோட இல்லன்னா ரெண்டாவதோட கரண்டு தொடங்கிரணும், தள்ளிப்போட்டா மருந்துக்கு தப்புன செல்லு மறுபடி பெருகிரும்னாவ. முதல் கீமோ 13ஆம் தேதியே முடிஞ்சிட்டு, அப்போ இனி நாளில்ல.

ஜூன் 3, திங்கள்
காலைல எட்டரைக்கு கரண்டு, அப்புறம் ரெண்டாவது கீமோ: சலைன், சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு, மூணு மணிக்கு திரும்ப கரண்டு. ஒரு தடவைக்கு 1.5 கிரே (கரண்டை அளக்குத கணக்கு), 30 தடவை, மொத்தம் 45. மெஷின்ல படுத்து எந்திரிக்க கொஞ்ச நேரந்தான், சட்டையை கழட்டி மாட்டத்தான் அதவிட நேரமாவுது.

ஜூன் 6, வியாழன்
ரெண்டு கரண்டுக்கும் நடுவுல ஆறு மணி நேரமாவது இருக்கணுமாம், நல்ல செல்லு தன்னை சரி பண்ணிக்கிட அந்த நேரம் வேணுமாம். எங்க ஊரு முக்கூடலுக்கு போய்ட்டு வர தோதுப்படாது, அதான் சமாதானபுரத்துல அத்தை வீடு. இன்னைக்கு அப்பா வேப்பமரத்தடில உக்காந்து விரல் ரெண்டையும் சும்மா உருட்டிக்கிட்டே இருந்தாவ, பீடி இல்லாத கை. 40 வருசம் குடிச்சது. அம்மா ஊர்ல இன்னும் மடில தட்டை வச்சுக்கிட்டு பீடி சுத்திக்கிட்டுத்தான் இருக்கா, அந்தக் காசுலதான் நாங்க இங்க ஆட்டோ ஏறுதோம். இத யார்ட்ட போய் சொல்ல.

ஜூன் 12, புதன்
முழுங்க முடியல. நெஞ்சுக்குள்ள தணலை வச்ச மாதிரி இருக்காம், அத்தை ஆசையா வச்ச சொதியே எரியுதுன்னு தள்ளி வச்சிட்டாவ. ரெண்டையும் சேத்து குடுத்தா உணவுக்குழாய் புண்ணு கூடுதலா வரும்னு முதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாவ. சாப்பாட்டுக்கு முன்னால மரப்பு மருந்து, அப்புறம் ஆறுன கஞ்சி, மோரு. சித்தப்பாட்ட இத சொல்லல, சொன்னா "நான் அன்னைக்கே சொன்னேன்லா" தொடங்கிரும்.

ஜூன் 15, சனி
வழக்கமா சனி ஞாயிறு லீவு. திங்கக்கிழமை பக்ரீத்ங்கறதால அன்னைக்குள்ள ரெண்டையும் இன்னைக்கே வச்சிட்டாவ. நாள் இழுக்கக்கூடாதுங்கதுல அவங்களுக்கு இருக்க கவனத்தை பாத்துத்தான் எனக்கு கொஞ்சம் தைரியம். 22 ஆச்சு.

ஜூன் 21, வெள்ளி
நெல்லையப்பர் ஆனித் தேர். ஊரே டவுன்ல கெடக்கு, நாங்க மட்டும் 30ஆவது கரண்டுக்கு. தேர் வடம் அறுந்துட்டாம்னு அத்தை போன்ல சொன்னா. அப்பா சிரிச்சாவ, சிரிக்கையில தொண்டை வலிச்சு கையை வச்சுக்கிட்டாவ. "வேற வடம் கட்டி இழுப்பாவ, நீ ஆட்டோவ கூப்பிடு."

திங்கக்கிழமை மூணாவது கீமோ. அதுக்கு முன்ன ரத்தம் குடுத்து வெள்ளையணு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்.