வெட்டுக்கோடு போட்ட பிறகே பெருக்கல்

செவ்வகம், அரைவட்டம் போன்ற எளிய உருவங்கள் சேர்ந்த கூட்டு உருவங்களின் பரப்பளவில் பிள்ளைகள் தடுமாறுவது சூத்திரம் தெரியாமல் அல்ல. நீளம் பெருக்கல் அகலம் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த நீளம், எந்த அகலம் என்பதில்தான் சிக்கல்.

ஓர் எல் (L) வடிவம். அடிப்பக்கம் 10 செ.மீ., இடப்பக்கம் 8, மேலே 6, வலப்பக்கம் 5. உள்மூலையில் சேரும் இரண்டு பக்கங்களுக்கு அளவு தரவில்லை. பலர் 10×5, 6×8 என்று பெருக்கிக் கூட்டி 98 என்பார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் இடது கீழ்மூலையில் உள்ள 6×5 துண்டு, அதாவது 30 ச.செ.மீ., இரண்டு தடவை கணக்கில் வந்துவிட்டது. அதைக் கழித்தால் 68. சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகாமல், கரும்பலகையில் அந்த இரண்டு செவ்வகங்களையும் இரண்டு நிறச் சாக்பீஸால் தீட்டிக் காட்டுங்கள். நிறம் கலக்கும் இடத்தைப் பார்த்ததுமே தப்பு எங்கே என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விடுபட்ட அளவுகளை முதலில் படத்திலேயே எழுத வைக்க வேண்டும்: 10−6=4, 8−5=3. பிறகு ஸ்கேல் வைத்து வெட்டுக்கோடு. நெடுக்கே வெட்டினால் 48+20, குறுக்கே வெட்டினால் 50+18. முழுச் செவ்வகத்திலிருந்து மூலையைக் கழித்தால் 80−12. மூன்றிலும் 68 வர வேண்டும். கழிக்கும் முறையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே படத்தில் அப்போதே காட்டினால்தான் விடையைத் தானே சரிபார்க்கும் பழக்கம் வரும். நம்பாத பிள்ளைக்கு 1 செ.மீ. கட்டத்தாளும் கத்தரிக்கோலும் போதும்.

கையோடு சுற்றளவையும் கேட்டுவிடலாம். மூலை வெட்டுப்பட்டும் சுற்றளவு முழுச் செவ்வகத்தின் அதே 36தான். பரப்பளவும் சுற்றளவும் வேறு வேறு என்பது இங்கே பதிவதுபோல் வேறெங்கும் பதிவதில்லை.

செவ்வகத்தின் மேல் அரைவட்டம் வைத்த ஜன்னலில் தப்பு வேறு மாதிரி. அகலம் 14 செ.மீ., செவ்வகத்தின் உயரம் 20. அகலம்தான் விட்டம் என்பதைக் கவனிக்காமல் 14-ஐயே ஆரமாக வைத்தால் அரைவட்டம் 308 ஆகிவிடும். உண்மையில் ஆரம் 7, அரைவட்டம் 77, மொத்தம் 357 ச.செ.மீ. ஆரத்தைப் படத்தில் வரைந்து 7 என்று எழுதாத வரை பெருக்கவே விடக்கூடாது. இதன் சுற்றளவில், அரைவட்டமும் செவ்வகமும் ஒட்டும் கோடு உள்ளே போய்விடுகிறது. 14+20+20+22, அதாவது 76 மட்டுமே.