தலையாட்டும் வண்டி

காசிமேட்டில் மீன் எடுத்து மாதவரம் பக்கம் தெருத்தெருவாக விற்கிற தம்பி ஒருவர் ஒரே மாதத்தில் நான்கு முறை தன் பைக்கோடு என் மெக்கானிக் கடைக்கு வந்தார். நான்கு முறையும் ஒரே புகார்தான். "அண்ணே, வண்டி தலையாட்டுதுண்ணே." புதுவண்ணாரப்பேட்டையில் பதினெட்டு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் நான், ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குள் இருக்கும் கிண்ணமும் குண்டுகளும் சேர்ந்த கோன்செட் வேலை மட்டும் எத்தனை வண்டிக்குச் செய்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. அந்தக் கணக்கில்லாத பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

முதல் முறை வந்தபோது அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் பையனை உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். டொக் டொக் என்று லேசான ஆட்டம். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது மாதிரி ஒரு சின்னப் பிடிப்பு. வேறென்ன வேண்டும்? எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இது சளி பிடிக்கிற மாதிரி. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலையில் தினமும் போய் வந்தால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் ஃபோர்க் வழியாக ஏறி, கழுத்துக்குள் இருக்கிற பால்ஸ் மேல்தான் இறங்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால் அந்தக் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்து, கிண்ணத்தில் குழி போட்டுவிடும். அப்புறம் ஹேண்டில் அந்தக் குழியில் உட்காரும், எழும், உட்காரும்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். கோன்செட் மாற்ற நேரமில்லை, சி ஸ்பேனரைப் போட்டு நட்டை இறுக்கி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். "இப்ப மெதுவா போனாலே பாம்பு மாதிரி நெளியுதுண்ணே, மூலக்கொத்தளத்துல ஆட்டோக்காரன் மேல உட்டுருப்பேன்." அது முழுக்க என் தப்பு. இருசக்கர வண்டி நேராகப் போவதுபோலத்தான் நமக்குத் தெரியும், உண்மையில் அது விநாடிக்கு விநாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து, ஹேண்டில் தானாகக் கொஞ்சம் திரும்பித் தன்னை நிமிர்த்திக்கொண்டே போகிறது. கழுத்தை இறுக்கிவிட்டால் அந்தத் திருத்தம் நடக்காது, ஓட்டுகிறவர் கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை விரலால் தட்டினால் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும், ஆனால் டொக் சத்தமும் இருக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நட்டு நிற்கும் இடம் ரொம்பக் குறுகல்.

சரி என்று கோன்செட்டையே புதிதாகப் போட்டேன். மெதுவாகப் போகும்போது இருந்த நெளிவு போயிற்று, வேகத்தில் வருகிற ஆட்டம் போகவில்லை. மூன்றாவது முறை முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஸ்போக்ஸை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுக்கமானது டிங் என்னும், தளர்ந்தது மொத்தையாகச் சத்தம் போடும், அப்படி நான்கைந்து கிடைத்தன. ரிம் பெண்டு எடுத்து, டயரில் காற்றையும் சரியாக வைத்து அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்தார். நாலு நாள் கழித்து மறுபடியும் கடை வாசலில் அதே வண்டி.

என்னைப் பழக்கிய மேஸ்திரி புல்லட்காரர். 1950களில் திருவொற்றியூரில் புல்லட் ஆலை வந்ததிலிருந்து அந்தப் பக்கம் புல்லட்டில் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வந்தவருக்கு டீ சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேச்சுக் கொடுப்பார். வேலைக்குச் சோம்பல், அதனால்தான் கதை கேட்கிறார் என்று நாங்கள் பையன்கள் சிரிப்போம். நான்காவது முறை எனக்கு அந்த டீ ஞாபகம் வந்தது.

"எப்ப ஆடுது, சொல்லு."

"காலைல சரக்கோட போறப்பதாண்ணே. மதியம் காலி பொட்டியோட வரும்போது ஒண்ணும் இல்ல."

"ஹேண்டில் படபடன்னு அடிக்குதா?"

அவர் யோசித்தார். "இல்லண்ணே. முதல்ல இடுப்பு ஆடற மாதிரி இருக்கும். அப்புறந்தான் ஹேண்டில்."

இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். ஹேண்டில் மட்டும் வேகமாக, விநாடிக்கு நாலு முதல் பத்துத் தடவை அடித்தால் கழுத்து, முன்சக்கரம், டயர் என்று முன்பக்கத்தில் தேட வேண்டும். வண்டி மொத்தமும் அதைவிட நிதானமாக நெளிந்தால் முதலில் பின்னால் பார்க்க வேண்டும். ஆட்டம் எங்கே பிறந்தாலும் கைக்குத் தெரிவது ஹேண்டிலில்தான், அதனால் எல்லோரும் ஹேண்டிலைக் காட்டித்தான் புகார் சொல்வார்கள். நானும் அவர்கள் காட்டிய இடத்தையே பிரித்துக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தேன், நன்றாகவே ஆடியது. வீல் பேரிங்கா, இல்லை பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்து புஷ்ஷா? ஸ்விங் ஆர்மும் சேசிஸும் சேருகிற இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு பையனை ஆட்டச் சொன்னால் தெரிந்துவிடும். ஆட்டம் விரலுக்கடியிலேயே இருந்தது. மேலே பார்த்தால் மீன் பெட்டி. ஐஸ் உருகி வழிகிற தண்ணீர், அதுவும் உப்பும் மீன் கழிவும் கலந்த தண்ணீர், பெட்டியின் மூலையிலிருந்து ஒழுகி நேராக அந்த புஷ்ஷுக்குள் போகிற பிவட் போல்ட்டு மேல் சொட்டிக்கொண்டிருந்தது, எத்தனை மாதமாகவோ.

அந்த போல்ட்டு படுத்திய பாடு தனிக்கதை. டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, காலையில் சூடு காட்டி, சுத்தியலால் அடித்து, கடைசியில் மதியம்தான் வெளியே வந்தது. புஷ்ஷின் ஓட்டை வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி இருந்தது. சரக்கு ஏறினால் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் பக்கம் மாறும், அப்புறம் ஹேண்டில் எப்படி நிற்கும்? இன்னொன்றும் இருந்தது. பெட்டி பின் ஆக்சிலைத் தாண்டி வெகுதூரம் பின்னால் நின்றது, அந்த எடை முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். வெல்டிங் கடையில் சொல்லிப் பெட்டியை அரையடி முன்னால் நகர்த்தி, ஒழுகும் மூலைக்கு ஒரு டியூப் போட்டு, தண்ணீர் சக்கரத்துக்கு வெளியே விழும்படி செய்தோம்.

ஓட்டும்போது ஆட்டம் வந்தால் என்ன செய்வாய் என்று சும்மா கேட்டேன். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து முன்பிரேக் அடிப்பேன் என்றார்! ஐயோ என்றாகிவிட்டது. ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறை, முட்டியால் டேங்கைக் கவ்வு, கையை லேசாக வை என்று சொல்லிக்கொடுத்தேன். சில பேர் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டுவார்கள். எங்கள் ரோட்டில் அதெல்லாம் வேண்டாம்.

புது புஷ்ஷோடு, முழுச் சரக்கும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு மறுநாள் வந்தார். ஆட்டம் இல்லை. கழற்றிய கோன்செட்டில் நிஜமாகவே குழி இருந்தது, ஆக அதை மாற்றியது வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் நட்டை இறுக்கியதற்கும் மூன்றாம் முறை ரிம் வேலைக்கும் வாங்கிய கூலி உறுத்தியது. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம்ணே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வாங்கி, எண்ணிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.